காறை எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, ஆபரேஷன் வேண்டுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உடம்பின் ஒரே இடத்தைப் பற்றியவை. கழுத்தடியிலிருந்து காறை எலும்பைத் தடவிக்கொண்டே விரலைத் தோள் நுனி வரை கொண்டுபோங்கள். எலும்பு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். காறை எலும்பும் தோள்பட்டை எலும்பின் நுனியும் சேருகிற ஏ.சி. மூட்டு அதுதான். பைக்கிலிருந்து தோள் தரையில் மோத விழுகிறவர்களும், கபடியில் அமுக்கப்பட்டு விழுகிறவர்களும் இந்த மூட்டைப் பிடித்துக்கொண்டுதான் எங்களிடம் வருகிறார்கள்.

பைக் சறுக்கி விழுந்து ஒன்பது நாள் ஆகிறது. வயது 27. இடது தோளில் எலும்பு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. "கிரேடு 3, ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டது, உடனே ஆபரேஷன்" என்கிறார் ஒரு டாக்டர். இன்னொருவர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (திருப்பூர் வாசகர்)

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் கேள்வியில்தான் எலும்பு மருத்துவர்களே இன்னும் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் எலும்பு மேலே ஏறவில்லை. கையின் எடையைத் தாங்க ஆள் இல்லாமல் தோள்தான் கீழே இறங்கியிருக்கிறது. காறை எலும்பை இரண்டு தொகுதி ஜவ்வுகள் பிடித்திருக்கின்றன. மூட்டைச் சுற்றியிருப்பவை எலும்பு முன்னும் பின்னும் நகராமல் பார்த்துக்கொள்கின்றன. கொஞ்சம் உள்ளே, கோரகாய்டு என்கிற கொக்கி போன்ற எலும்பு நீட்சியிலிருந்து காறை எலும்பின் அடிப்பக்கத்துக்கு வருகிற இரண்டு தடித்த ஜவ்வுகள் கையின் பாரத்தைச் சுமக்கின்றன. கிரேடு 3 என்றால் இரண்டு தொகுதியுமே அறுந்துவிட்டன என்று பொருள்.

ராக்வுட் என்ற எலும்பு மருத்துவர் இந்த மூட்டுக் காயத்துக்கு 1984இல் வகுத்த ஆறு கிரேடுகளைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறோம். முதல் இரண்டுக்கும் ஆபரேஷன் தேவையில்லை. நான்காவதில் எலும்பு பின்பக்கமாகத் தசைக்குள் குத்தி நிற்கும். ஐந்தாவதில் தன் பருமனைவிட அதிகமாக விலகியிருக்கும். ஆறாவது மிக அபூர்வம், எலும்பு கீழே இறங்கிவிடும். இந்த மூன்றுக்கும் பொதுவாக ஆபரேஷன்தான். நடுவில் மாட்டிக்கொண்டது உங்கள் மூன்றாவது கிரேடு.

கனடாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, இந்த மூட்டு முழுசாக விலகிய 83 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குக் கொக்கி வைத்த உலோகத் தகட்டால் எலும்பை அமுக்கிப் பிடிக்கும் ஹூக் பிளேட் ஆபரேஷன், இன்னொரு குழுவுக்குக் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் தூளியும் பயிற்சியும். 2015இல் முடிவு வெளியானது. ஆபரேஷன் செய்தவர்களின் எக்ஸ்ரே அழகாக இருந்தது. ஆனால் ஆரம்ப மாதங்களில் கையை நன்றாகப் பயன்படுத்தியவர்கள் ஆபரேஷன் செய்யாதவர்கள்தான். இரண்டு வருட முடிவில் கை வேலை செய்வதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. எக்ஸ்ரேயைச் சரிசெய்வதும் கையைச் சரிசெய்வதும் ஒன்றல்ல என்பதை நான் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

உங்கள் இடத்தில் என் தம்பி இருந்தால் இப்படிச் செய்வேன். நேராக எடுத்த எக்ஸ்ரே மட்டும் போதாது. கையைக் கொஞ்சம் விலக்கி அக்குள் வழியாக எடுக்கும் படத்தையும் கேட்பேன். எலும்பு பின்னால் போயிருப்பது நேர்ப் படத்தில் தெரியாமல் போகலாம். 3 என்று எழுதியது உண்மையில் 4ஆக இருக்கலாம். 3தான் என்று உறுதியானால், வலி குறையும் வரை ஒன்றிரண்டு வாரம் தூளி, அப்புறம் பிசியோதெரபி. மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுபடி பார்ப்பேன். கையைத் தூக்கும்போது முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்பு தாறுமாறாக அசைகிறது, பலம் வரவில்லை, வலி நிற்கவில்லை என்றால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம். கையைத் தலைக்கு மேல் தூக்கியே செய்யும் வேலை என்றால் இன்னும் முன்னதாகவே பேசலாம். உங்கள் வேலை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. டாக்டரிடம் அதைச் சொல்லாமல் வராதீர்கள்.

மேடு அப்படியே இருக்கும். அதை மறைக்க மட்டும் ஆபரேஷன் என்றால் மேட்டுக்குப் பதில் தழும்பு கிடைக்கும்.

அப்பாவுக்கு 68 வயது, சுகர் உண்டு. அவருக்கும் கிரேடு 3. பயமாக இருக்கிறது. (நாகர்கோவில் வாசகி)

பயப்பட வேண்டாம். இந்த வயதில், சுகரோடு, கிரேடு 3க்கு நான் கத்தி வைக்க மாட்டேன். தூளியைச் சீக்கிரம் கழற்றிக் கையை அசைக்கச் சொல்லுங்கள். சுகர் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவதுதான் பெரிய தொல்லை.

ஹூக் பிளேட் வைத்து நான்கு மாதம் ஆகிறது. கையைத் தூக்கினால் உள்ளே உரசுகிறது. பிளேட்டை எடுக்கச் சொல்கிறார்கள். இன்னொரு ஆபரேஷனா? அப்படியே விட்டால் என்ன? (சேலம் வாசகர்)

விடாதீர்கள். அந்த பிளேட்டின் கொக்கி, தோள் நுனி எலும்புக்கு அடியில் போய் நெம்புகோல் மாதிரி காறை எலும்பை அமுக்கிப் பிடிக்கிறது. ஜவ்வு ஆறும் வரைதான் அதற்கு வேலை. அதற்கு மேல் இருந்தால் கொக்கி எலும்பையே அரிக்கும், அடியிலுள்ள தசைநாரைத் தேய்க்கும். எடுப்பது சின்ன ஆபரேஷன். எடுக்கும் வரை கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். எடுத்த பிறகு எலும்பு லேசாக மேலே வந்தாலும் கலங்காதீர்கள், அது சகஜம். பிளேட் வைக்கும் முன்பே இந்த இரண்டாவது ஆபரேஷனைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது உங்கள் தவறல்ல.

என் வீட்டுக்காரர் மூட்டை தூக்கும் வேலை பார்க்கிறார். விழுந்து ஐந்து மாதம் ஆகிறது. நாட்டுக் கட்டு போட்டோம். இப்போதும் பாரம் வைத்தால் தோள் இறங்குகிறது. (கும்பகோணம் வாசகி)

கட்டு போட்டதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் எந்தக் கட்டும் இந்த மூட்டை இழுத்துப் பிடித்து வைக்காது.

மூன்று வாரத்துக்குள் என்றால், காறை எலும்பையும் கோரகாய்டையும் பட்டன் வைத்த உறுதியான நூலால் இழுத்துக் கட்டினால் போதும், அறுந்த ஜவ்வு தானே ஒட்டும். ஐந்து மாதத்தில் அதன் முனைகள் சுருங்கியிருக்கும். அதனால் புது ஜவ்வு வைக்க வேண்டும். தொடைக்குப் பின்னால் முழங்காலுக்கு வருகிற தசைநார்களில் ஒன்றை எடுத்து, கோரகாய்டின் அடியில் சுற்றிக் காறை எலும்பில் கட்டுவோம். பக்கத்து ஜவ்வையே மாற்றி வைக்கும் வீவர்-டன் முறை 1972லிருந்து இருக்கிறது. பாரம் சுமக்கும் தோளுக்கு நான் புது ஜவ்வையே விரும்புவேன்.

நாள் தள்ளிப்போனதால் வாசல் மூடிவிடவில்லை, வேலைதான் கூடியிருக்கிறது. முறையான பிசியோதெரபி இதுவரை செய்யவில்லை என்றால் முதலில் அதை மூன்று மாதம் செய்து பாருங்கள். ஆபரேஷன்தான் என்றால் ஆறு வாரம் தூளி. மூட்டை தூக்க ஏறக்குறைய ஆறு மாதம். அந்த ஆறு மாதம் வீடு எப்படி ஓடும் என்பதையும் தேதி குறிக்கும் முன்பே யோசித்துவிடுங்கள். வருமானத்துக்காக மூன்றாம் மாதமே மூட்டை தூக்கினால் வைத்த ஜவ்வு தளர்ந்துபோகும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு இந்த இடத்தில் கம்பி வைத்தார்கள். வலி இல்லை, எடுக்கவும் இல்லை. (திண்டுக்கல் வாசகர்)

இந்த வாரமே தோளுக்கும் நெஞ்சுக்கும் எக்ஸ்ரே எடுங்கள். இங்கே வைக்கும் மெல்லிய கம்பிகள் உடைந்து நகரக்கூடியவை. நுரையீரல் வரை, இதயம் வரை போனதாக மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் அந்த முறையையே பெரும்பாலும் கைவிட்டோம். வலி இல்லாவிட்டாலும் கம்பியை எடுத்துவிட வேண்டும்.

விழவே இல்லை, ஜிம்மில் பெஞ்ச் பிரஸ் செய்தால் மட்டும் அதே இடத்தில் வலி. (கோவை வாசகர்)

ஓயாத பாரத்தால் காறை எலும்பின் நுனி அரிக்கப்படுவதாக இருக்கலாம். பெஞ்ச் பிரஸ், டிப்ஸ் இரண்டையும் சில மாதம் நிறுத்துங்கள். பலருக்கு அதுவே போதும். அப்படியும் வலி போகாவிட்டால் துளை வழியாக நுனியைக் கொஞ்சம் சீவி எடுக்கலாம்.

அடுத்த வாரம் எனக்குப் பட்டன் ஆபரேஷன். எப்படித் தூங்குவது, எப்போது வண்டி ஓட்டுவது? (மதுரை வாசகி)

கழுத்துப் பக்கம் ஊசி போட்டு மரக்கவைத்தால் கை ஒரு நாள் வரைகூட மரத்திருக்கலாம். முதல் சில வாரங்கள் தலையணை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்குங்கள். விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். ஸ்கூட்டரைத் தூளி கழன்று, பிரேக்கை இரு கையாலும் அழுத்தமாகப் பிடிக்க முடிகிற வரை தொடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் ஆகும். காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, அந்த மேடு திடீரென்று திரும்பி வந்தாலோ, அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டிவிடுங்கள்.