"பெட்ரிகோலா" என்று வாங்கிய புள்ளிக் கெளுத்தி ஹைபிரிட்டா? எப்படித் தெரிந்துகொள்வது, வைத்துக்கொள்ளலாமா?

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் ஹைபிரிட்டாக, அதாவது இரண்டு இனம் கலந்ததாக, இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வால் துடுப்பெல்லாம் புள்ளி, ஓரத்தில் வெள்ளையே இல்லை, அதற்குள் ஆறு இன்ச்சைத் தாண்டிவிட்டது, இன்னும் வளர்கிறது என்கிறீர்கள். பெட்ரிகோலா ஆப்பிரிக்காவின் தாங்கனிக்கா ஏரியைச் சேர்ந்த, நான்கைந்து இன்ச்சோடு நின்றுவிடுகிற கெளுத்தி.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் தப்பாக இருப்பது மட்டுமே ஹைபிரிட்டுக்கு அடையாளம் ஆகாது. பல வருஷமாகக் கடைகளில் பெட்ரிகோலா என்று விற்றதில் பெரும்பகுதி இன்னொரு இனம், அதற்கு 2006ல்தான் சினோடான்டிஸ் லூசிபின்னிஸ் என்று தனிப் பெயரே வைத்தார்கள். அதுவும் தாங்கனிக்கா ஏரி மீன்தான், சுத்தமான இனம்தான், வாங்கியவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? மீனை ஒரு கவரில் தண்ணீரோடு எடுத்து வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடியுங்கள். புள்ளியை அப்புறம் பார்க்கலாம், முதலில் துடுப்பைப் பாருங்கள். தாங்கனிக்காவின் புள்ளிச் சினோக்களுக்கு, அதாவது பெட்ரிகோலாவும் சேர்ந்த சினோடான்டிஸ் பேரினக் கெளுத்திகளுக்கு, முதுகுத் துடுப்பில் கரும்பட்டை இருக்கும், அதன் ஓரத்தில் வரைந்து வைத்த மாதிரி ஒரு வெள்ளை விளிம்பு. வாலிலும் அப்படியே, மேல் மடலிலும் கீழ் மடலிலும் கறுப்பு, ஓரம் வெள்ளை. லூசிபின்னிஸுக்குத் துடுப்பு உடம்போடு சேரும் இடத்தில் வெளிறிய ஒரு திட்டு தெரியும். பிறகு கவரைக் கொஞ்சம் தூக்கி வயிற்றைப் பாருங்கள். அதே ஏரியின் இன்னொரு புள்ளிக் கெளுத்தியான மல்டிபங்க்டேட்டஸ் என்றால் வயிறு புள்ளியில்லாமல் வெள்ளையாக இருக்கும், கண்ணும் முகத்துக்குப் பெரியது. பெட்ரிகோலா, லூசிபின்னிஸ் இரண்டுக்கும் வயிற்றிலும் புள்ளி உண்டு, கண் சின்னது. ஹைபிரிட்டில் இந்த ஒழுங்கு கலைந்துவிடும்: வாலில் இறைத்த மாதிரி புள்ளிகள், விளிம்பு மங்கல், உடம்புப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திட்டுத்திட்டாக, அடிநிறம் அழுக்குப் பழுப்பு. ஒன்றரை இன்ச் குஞ்சில் இதெல்லாம் சரியாகத் தெரியாது, அதனால்தான் அந்த அளவிலேயே விற்றுத் தீர்த்துவிடுகிறார்கள்.

இவை ஏன் வருகின்றன என்றால், சினோடான்டிஸ் இனங்களில் பெரும்பாலானவை தொட்டியில் தானாக முட்டை போடுவது அபூர்வம். பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டு, பெண்ணின் வயிற்றை அழுத்தி முட்டையை எடுத்து, ஆணின் விந்தோடு கையால் கலக்கிறார்கள். அந்த முறையில் இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நிறைய முட்டை போடும் ஆற்று இனத்தை அழகான புள்ளி உள்ள இனத்தோடு சேர்த்தால் ஆயிரக்கணக்கில் குஞ்சு, பார்க்க விலையுயர்ந்த மீன் மாதிரி. கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் இப்படி வரத்து உண்டு. காங்கோவின் சினோடான்டிஸ் இனமான ஏஞ்சலிகஸ் பெயரிலும் இதே கதைதான்.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் மல்டிபங்க்டேட்டஸ். அது, முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும் சிக்லிட் மீன் ஜோடி முட்டையிடும் நேரம் பார்த்து நடுவில் புகுந்து தன் முட்டையைப் போட்டுவிடும், தாய் சிக்லிட் அதையும் சேர்த்து வாயில் அள்ளிக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சுகள் முதலில் பொரித்து, அந்த வாய்க்குள்ளேயே சிக்லிட் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று வளரும். குயில் வேலை செய்கிற மீன்! தொட்டியில் கண்ணெதிரே பார்க்கலாம் என்றுதான் பலர் காசு சேர்த்து வாங்குகிறார்கள். அவர்கள் கையில் யாருக்குப் பிறந்தது என்றே தெரியாத ஒன்றைக் கொடுத்து அந்தப் பெயருக்கான விலையை வாங்குவது ஏமாற்று. கலப்பினம் என்று எழுதி வைத்து விற்றால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, வேண்டியவர் வாங்கிக்கொள்வார்.

சிக்கல் அதோடு நிற்பதும் இல்லை. கலப்பினம் என்றால் மலடுதான் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், மீன்களில் அதை நம்ப முடியாது. ஸீப்ரா ப்ளெகோ என்ற கறுப்பு வெள்ளை வரிக் கெளுத்தியை, மீன் வணிகத்தில் எல்46 என்ற எண்ணால் சொல்வதை, எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் ஒரு சின்னப் பகுதியில் மட்டும் இருக்கும் மீன், அந்த இடத்தில்தான் பெலோ மோன்டே அணை வந்தது. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் 2022 மாநாட்டில் அதை இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். இதற்கு ஊசியெல்லாம் வேண்டாம், அதன் நெருங்கிய உறவினமான எல்66 போன்ற ஒன்றோடு ஒரே தொட்டியில் விட்டால் குகைக்குள் தானாகவே கலந்துவிடும். அந்தக் குஞ்சுகளை எல்46 என்று ஒருவர் விற்று, வாங்கியவர் மறுபடி இனப்பெருக்கம் செய்தால், ஆற்றில் அழிந்தாலும் தொட்டிகளிலாவது மிஞ்சும் என்று நாம் நம்பும் இனமும் போய்விடும். எல்46, எல்66 இரண்டும் ஹைபன்சிஸ்ட்ரஸ் என்ற பேரினம், ஒரு தொட்டியில் ஒரு ஹைபன்சிஸ்ட்ரஸ் இனம் மட்டும் என்பதை நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

ரெட் டெயில் கெளுத்தியையும் டைகர் ஷவல்நோஸ் கெளுத்தியையும் கலந்ததை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அப்பா அம்மா இரண்டுமே மூன்றடியைத் தாண்டக்கூடிய தென்னமெரிக்க ஆற்று மீன்கள், உங்கள் நாலடித் தொட்டியில் அது திரும்பக்கூட முடியாது. வண்ணமீன் கடைகள் நிறைந்த சென்னைக் கொளத்தூர் பக்கம் நாலு இன்ச் குஞ்சாகப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, வளர்ந்த பிறகு ஏரியில் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எந்த ஏரியிலும் விடக்கூடாது.

உங்களிடம் இருக்கும் மீனுக்கு வருவோம். வைத்துக்கொள்ளுங்கள், மீன் ஒரு தப்பும் செய்யவில்லை, திடமான மீன், பல வருஷம் வாழும். பத்து இன்ச் வரை போகும் என்று கணக்கு வைத்துக்கொண்டு மறைவிடம் கொடுங்கள், கீழே மென்மையான மணல் போடுங்கள், விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் தீனி போடுங்கள். அதன் வாயில் நுழையும் அளவு சின்ன மீன் எதையும் கூட விடாதீர்கள். இடம் போதாமல் வேறு யாருக்காவது கொடுக்க வேண்டி வந்தால் ஹைபிரிட் என்று சொல்லியே கொடுங்கள், அவர் பெட்ரிகோலா என்று விற்கப்போகிறவராக இருந்தால் கொடுக்காதீர்கள்.