ஒருவழி டிக்கெட்டில் நீண்ட பயணம்: வெளியேறும் டிக்கெட்டை எந்தத் தேதிக்கு எடுப்பது?

கேள்வி: ஓராண்டு பயணத்தில் முதலில் பிலிப்பைன்ஸில் இரண்டு மாதம், பிறகு ஐரோப்பாவில் மூன்று மாதம் தங்கத் திட்டமிட்டிருக்கிறேன். பிலிப்பைன்ஸில் என் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் 30 நாள் அனுமதி உண்டு. அங்கே போய் நீட்டித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆனால் வெளியேறும் டிக்கெட் இல்லாவிட்டால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்களாம். எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுப்பது? சிறு கட்டணத்தில் தற்காலிக புக்கிங் தரும் தளங்களை நம்பலாமா?

பதில்: முதல் 30 நாளுக்குள் வரும் தேதிக்கே எடுங்கள். இரண்டாம் மாதக் கடைசிக்கு எடுத்தால் சிக்கல்.

உங்கள் ஆவணங்களை முதலில் சோதிப்பது மணிலா இமிகிரேஷன் அதிகாரி அல்ல, புறப்படும் இடத்தின் செக்-இன் கவுண்டரில் இருக்கும் ஊழியர்தான். ஒரு நாடு உள்ளே விட மறுத்த பயணியைத் திருப்பி ஏற்றிச் செல்லும் பொறுப்பு அவரை அழைத்து வந்த விமான நிறுவனத்துடையது. பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் அந்த ஊழியர், சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் ‘டைமாட்டிக்’ என்ற நுழைவு விதிகள் தரவுத்தளத்தில் உங்கள் பாஸ்போர்ட்டின் நாட்டையும் போகும் நாட்டையும் கொடுத்து, திரையில் வரும் விதியைப் பார்த்து முடிவெடுக்கிறார். அந்த நேரத்தில் உங்களுக்கு உறுதியாக இருப்பது 30 நாள் மட்டுமே. அங்கே போய் வாங்கப்போகும் நீட்டிப்பைக் கவுண்டரில் எடுத்துச் சொல்லிப் பயனில்லை. 45ஆம் நாளுக்கான டிக்கெட்டைக் காட்டினால், டிக்கெட் இருந்தும் போர்டிங் பாஸ் கிடைக்காமல் போகலாம். 26 அல்லது 27ஆம் நாளுக்கு எடுப்பது என் யோசனை. நாள் எண்ணுவதில் ஒன்றிரண்டு பிசகினாலும் பாதிக்காது.

உள்ளே போனபின், 30 நாள் அனுமதி பெற்றவர்கள் குடிவரவுத் துறை அலுவலகத்தில் விண்ணப்பித்து மேலும் 29 நாள் பெறலாம், மொத்தம் 59. உங்கள் இரண்டு மாதம் இதற்குள் அடங்கப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் அனுமதி முடியும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே போய்விடுங்கள். இந்த வசதி எல்லாப் பாஸ்போர்ட்டுக்கும் பொருந்தாது: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2025இல் அறிவித்த 14 நாள் விசா இல்லா அனுமதியை நீட்டிக்க முடியாது. விமானம் ஏறுமுன், பிலிப்பைன்ஸுக்கு வருகிறவர்கள் இணையத்தில் செய்ய வேண்டிய ‘இ-டிராவல்’ பதிவையும் முடித்துவிடுங்கள். அது இலவசம், தரையிறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். அதற்குக் காசு கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் அல்ல.

இனி தற்காலிக புக்கிங். அந்தத் தளங்களில் பல தருவது, பணம் கட்டாமல் இருக்கையைச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ பிடித்துவைக்கும் முன்பதிவுதான். பிஎன்ஆர் என்ற ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீடு இருக்கும், டிக்கெட் இருக்காது. பெரிய விமான நிறுவனங்களின் உண்மையான மின்டிக்கெட்டில் 13 இலக்க எண் இருக்கும், அதன் முதல் மூன்று இலக்கங்கள் எந்த நிறுவனம் என்பதைக் காட்டும். கவுண்டரில் இருப்பவர் அந்த எண்ணைத் தேடினாலே வேறுபாடு தெரிந்துவிடும். உங்கள் முறை வருவதற்குள் முன்பதிவு காலாவதியாகிவிடவும் கூடும். திருத்திய பிடிஎஃபைக் காட்டுவதோ அதைவிட மோசம், அது போலி ஆவணம். பின்னால் வரும் விசா விண்ணப்பங்கள்வரை அந்தக் கறை தொடரலாம். ஓராண்டு பயணத்தை அதை நம்பித் தொடங்காதீர்கள்.

நேர்மையான வழிகள் இரண்டு. பக்கத்து நாட்டுக்கு மலிவான ஒருவழி டிக்கெட் வாங்கி, பறக்காவிட்டால் அந்தப் பணம் போனதாக வைத்துக்கொள்வது ஒன்று. முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் கட்டண வகையில் வாங்குவது இன்னொன்று. இரண்டாவதில், பணம் உங்கள் கார்டுக்கே திரும்புமா, வவுச்சராக வருமா என்று வாங்குமுன்பே படித்துப் பாருங்கள். எதுவானாலும் இமிகிரேஷனைத் தாண்டும்வரை ரத்து செய்யாதீர்கள், அங்கேயும் கேட்பார்கள். அந்தப் பக்கத்து நாட்டுக்குள் நுழைய உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்பதும் முக்கியம். விசா தேவைப்பட்டும் உங்களிடம் அது இல்லாத நாட்டுக்கு டிக்கெட் காட்டினால் அடுத்த கேள்வி அங்கிருந்தே வரும்.

ஐரோப்பியப் பகுதியில் நான் அதிகம் கவலைப்படுவது நீங்கள் எழுதியிருக்கும் ‘மூன்று மாதம்’ பற்றித்தான். தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகள் சேர்ந்ததுதான் ஷெங்கன் பகுதி; அங்கே விதி, எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். மார்ச் 10 அன்று நுழைந்தால் 90ஆம் நாள் ஜூன் 7. மூன்று மாதம் என்று எண்ணி ஜூன் 10க்கு டிக்கெட் எடுத்தால் மூன்று நாள் கூடுதலாகத் தங்கியவர் ஆகிவிடுவீர்கள். தொடர்ந்து 90 நாளையும் செலவழித்தால் மறுபடி நுழைய முடிவது செப்டம்பர் 6 முதல்தான். நடுவில் ஒரு நாள் ஷெங்கனில் சேராத பிரிட்டனுக்குப் போய்வருவதால் கணக்கு புதிதாகத் தொடங்காது. 2025 அக்டோபர் 12 முதல், முத்திரைக்குப் பதில் விரல்ரேகையும் முகப்படமும் பதியும் இஇஎஸ் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. தங்கிய நாள்களை இனி கணினியே எண்ணும்.

ஷெங்கன் விசா வாங்கிப் போவதாக இருந்தால் ஸ்டிக்கரில் இரண்டு விவரங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்: விசா செல்லுபடியாகும் தேதிகள், தங்க அனுமதித்த நாள்கள். ஆறு மாதம் செல்லுபடியாகும் விசாவிலும் தங்கும் நாள் 30 என்று இருக்கலாம், அப்படியானால் 30தான். பாஸ்போர்ட் கடந்த பத்தாண்டுக்குள் வழங்கியதாகவும், ஷெங்கன் பகுதியைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸுக்கு ஆறு மாதம் வேண்டும். ஓராண்டு சுற்றப்போகிறவர் என்பதால், காலாவதிக்கு இரண்டு ஆண்டுக்கும் குறைவாக இருந்தால் கிளம்புமுன்பே புதுப்பித்துவிடுங்கள்.