அடுத்த மேசைக்காரரைக் கேளுங்கள்

கேள்வி: என்னோடு வேலை பார்ப்பவர் ஒரு தமிழ் முஸ்லிம். இஸ்லாத்தைப் பற்றிக் கேட்டால் தம் மார்க்கத்தை உயர்த்தித்தான் பேசுவார் என்பதால் அவரிடம் கேட்பதில்லை. காணொளிகளைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன். சரிதானே? (சிங்கப்பூர் ஈசூன் வாசகர்)

பதில்: சரியில்லை. உயர்த்தித்தான் பேசட்டுமே, காணொளியில் பேசுகிறவரை இடைமறித்து உங்களால் ஒரு சந்தேகம் கேட்க முடியுமா? அன்றாடம் உங்களோடு இருப்பவரின் சொல்லைக் கேட்கும் முன்பே தள்ளிவிட்டு, முகமறியாதவர் சொல்வதை நம்புவது நியாயமில்லை.

என் பழைய அலுவலகத்தில் மலாய் நண்பர் ஒருவர் அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்கு மாலை நாலரை வாக்கில் எழுந்து போவார். ராவுத்தர் குடும்பத்து நண்பரோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் போவார். பின்னவருக்குத் தொழுகையில் அக்கறை குறைவு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் பேனா ஒன்றை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தினார். உச்சிவேளை நிழலைக் கழித்துவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தின் அளவுக்கு நீண்டதும் அஸர் தொடங்குவதாக ஷாபிஈ மத்ஹபினரும் (மத்ஹப் என்பது மார்க்கச் சட்டப் பிரிவு), இரு மடங்கு நீண்டதும் தொடங்குவதாக ஹனஃபி மத்ஹபினரும் கொள்கிறார்கள் என்றும், மலாய்க்காரர்கள் பெரும்பாலும் ஷாபிஈ, தாம் ஹனஃபி என்றும் விளக்கினார். அதுவரை ‘முஸ்லிம்கள் இப்படித்தான்’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசிவந்த எனக்கு வெட்கமாகிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், ஒருவரோடு நிறுத்தாமல் இரண்டு பேரையாவது கேளுங்கள்.

டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலைத் தேக்கா சந்தைக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அதன் வாசலுக்கு மேலுள்ள சூரிய வடிவத்தின் 25 கதிர்களிலும் 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் இருப்பதையும், அவர்களில் இப்ராஹீம், மூசா, ஈசா ஆகியோர் அடங்குவதையும் அதே நண்பர் சொல்லித்தான் அறிந்தேன். பைபிள் படித்தவர்களுக்கு இவர்கள் ஆபிரகாம், மோசே, இயேசு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: எங்கோ நடந்த குண்டுவெடிப்புக்கு உங்களோடு வேலை பார்ப்பவரைப் பதில் சொல்லச் சொல்லாதீர்கள். அவர் அறிஞர் அல்லர். மார்க்கச் சட்ட நுணுக்கம் கேட்டால் தெரியாது என்றும் சொல்லக்கூடும், அதுவும் நேர்மையான பதில்தான். அப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பீஷான் அன்-நஹ்தா பள்ளிவாசலில் 2006ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நல்லிணக்க நிலையம் இருக்கிறது. உங்கள் நண்பரிடம் அவர் வாழ்க்கையைக் கேளுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் திரும்பியதும், இன்றைய குத்பா (தொழுகைச் சொற்பொழிவு) எதைப் பற்றியது என்று கேட்டுத் தொடங்கலாம்.