கப்பல் பயிற்சியில் இருக்கிறேன். ஆங்கிலம் படித்தால் புரிகிறது, பேசத்தான் வாய் வரவில்லை. என்ன செய்வது?

எனக்கும் இதே கதைதான் தம்பி. மும்பை சயன் கோலிவாடாவில் வளர்ந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, ஆங்கிலம் புத்தகத்தில் மட்டும். பன்வேல் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் ஜிபி ரேட்டிங் (கப்பலில் கடைநிலை மாலுமியாகச் சேர்வதற்கான பயிற்சி) சேர்ந்தேன். ஆறு மாதம், விடுதியிலேயே தங்கிப் படிப்பு.

முதல் வாரம் எழுந்து நின்று அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். 'ஷிப்' என் வாயில் 'சிப்' என்று வந்தது. வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கும் ஆங்கிலம் வராது. அவர்களுக்கு ஒளிந்துகொள்ள இந்தி இருந்தது. எனக்குத் தெரிந்த தெரு இந்தி அந்த அளவுக்குப் போதாது, வாயை மூடிக்கொண்டேன். சிரித்ததில் நம்ம ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் இருந்ததுதான் அதிகம் சுட்டது. (இன்னொரு தமிழன் முன்னால் ஆங்கிலம் பேச வரும் கூச்சம், வெள்ளைக்காரன் முன்னால்கூட வராது.)

அப்புறம் சிமுலேட்டர் வகுப்பு, அதாவது கப்பல் ஓட்டுவது போலவே பழகும் பாவனை அறை. 'ஸ்டார்போர்டு டென்' (சுக்கானை வலப்பக்கம் பத்து டிகிரி திருப்பு) என்று கட்டளை வந்தால் சுக்கான் பிடிப்பவன் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சக்கரத்தைத் திருப்பி முடித்ததும் இன்னொரு முறை சொல்ல வேண்டும். நான் சரியாகத் திருப்பிவிட்டு ஊமையாக நின்றேன். ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர்தான் ஆசிரியர். அவர் திட்டவில்லை. "சரியாத்தான் திருப்பியிருக்கே. அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

வாயைத் திறந்தால் மானம் போகும் என்று பயந்துகொண்டிருந்தேன். கப்பலிலோ வாயைத் திறக்காததுதான் தப்பு! அங்கே யாரும் சொற்பொழிவு கேட்பதில்லை. ஐஎம்ஓ என்ற சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் ஏற்றுக்கொண்ட எஸ்எம்சிபி வாக்கியங்களை (கப்பலில் பேச வகுத்த நிலையான ஆங்கில வாக்கியங்கள்) எடுத்துப் பாருங்கள், எல்லாம் துண்டு துண்டான பேச்சு. 15-ஐ 'ஃபிஃப்டீன்' என்று சொன்னால் 50 என்று காதில் விழலாம், அதனால் 'ஒன் ஃபைவ்' என்று தனித்தனியாகச் சொல்லச் சொல்கிறது (சுக்கான் கட்டளையில் வரும் கோணம் மட்டும் விலக்கு, அங்கே 'ஃபிஃப்டீன்'தான்). ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவனுக்கும் இதே விதிதான். காதில் சரியாக விழவில்லையா, 'சே அகெய்ன்'. அதுவும் விதியில் இருக்கிற சொல்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இலக்கணப் புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். நான் செய்தது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டு, விடுதிக்குத் திரும்ப எங்கள் பக்கத்து ஜிடிபி நகர் நிலையத்தில் ஹார்பர் லைன் ரயில் ஏறுவேன். மராத்தி, இந்தி முடிந்து 'நெக்ஸ்ட் ஸ்டேஷன் சூனாபட்டி' என்று அறிவிப்பு வரும். வாசலில் காற்று இரைச்சலில் நின்றபடி அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வேன். குர்லா, திலக் நகர், செம்பூர் என்று பன்வேல் வரை. பக்கத்தில் நிற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், சரி, பார்க்கட்டும். வாய்க்குப் பழகியது அப்படித்தான்.

முதல் கப்பலில் போசன் (மேல்தள மாலுமிகளின் தலைவர்) ஒரு பிலிப்பினோ. கயிறு கட்டும் நேரத்தில் "ஸ்லாக் அவே போர்வேர்ட் ஸ்பிரிங்" என்று கத்தினார். 'ஃபோர்வேர்ட்' அவர் வாயில் அப்படித்தான் வந்தது. எனக்குப் புரியவில்லை. "சே அகெய்ன்" என்றேன். திரும்பச் சொன்னார். கயிற்றைத் தளர்த்தினேன். யாரும் சிரிக்கவில்லை.