அப்பா வாங்கிய வீட்டை விற்கிறோம்: 12.5 சதவீதமா, 20 சதவீதமா?

கேள்வி: அப்பா 1987-இல் நங்கநல்லூரில் ஒரு கிரவுண்ட் மனை வாங்கி வீடு கட்டினார். 2012-இல் அவர் காலமானதும் வீடு எனக்கும் தங்கைக்கும் சரிபாதியாக வந்தது. தங்கை பல வருடங்களாக அமெரிக்காவில் இருக்கிறாள். மார்கழி முடிந்து தை பிறந்ததும் 2.40 கோடி ரூபாய்க்குப் பத்திரம் முடிக்கப் பேசியிருக்கிறோம். 2024 தேர்தல் முடிந்து வந்த பட்ஜெட்டில் இன்டெக்சேஷனை எடுத்துவிட்டார்கள், வீடு விற்பவர்களுக்குப் பெரிய நஷ்டம் என்று டிவி விவாதங்களில் கேட்டேன். ஓஎம்ஆரில் ஃபிளாட் வைத்திருக்கும் என் சகலை, பழைய 20 சதவீத முறையைக் கேட்டு வாங்குங்கள் என்கிறார். புரோக்கரோ 12.5 சதவீதம்தான் நமக்கு லாபம் என்கிறார். யார் சொல்வது சரி? 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, அது இதற்கும் பொருந்துமா? வாரிசு வரி ஏதாவது வருமா? என் பங்கில் பெருங்களத்தூர் பக்கம் 70 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்க உத்தேசம்.
(நங்கநல்லூர் வாசகர், வயது 63)

பதில்: புரோக்கர் சொல்வது உங்கள் வீட்டுக்குச் சரி. சகலை சொல்வது அவருடைய ஃபிளாட்டுக்குச் சரி. 2024-இல் நடந்த விவாதத்தில் இந்த இரண்டு சொத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசியதால்தான் இவ்வளவு குழப்பம்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். 2024 ஜூன் 4 அன்று தேர்தல் முடிவுகள் வந்தன. ஜூலை 23 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முழு பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். அதுவரை வீடு, மனை விற்றால் கிடைக்கும் நீண்டகால ஆதாயத்துக்கு 20 சதவீத வரி. ஆனால் வாங்கிய விலையை அப்படியே எடுக்காமல், விலைவாசி ஏறிய அளவுக்கு உயர்த்திக்கொண்டு, மிச்சத்துக்குத்தான் வரி கட்ட வேண்டும். இந்த உயர்த்தலுக்குப் பெயர்தான் இன்டெக்சேஷன். பட்ஜெட் வரியை 12.5 சதவீதமாகக் குறைத்தது. கூடவே இன்டெக்சேஷனை எடுத்துவிட்டது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. வீட்டின் விலை ஆண்டுக்கு 12 முதல் 16 சதவீதம் வரை ஏறுகிறது, இன்டெக்சேஷன் தரும் சலுகை 4, 5 சதவீதம்தான், ஆகவே பெரும்பாலானவர்களுக்குப் புதிய முறைதான் நல்லது என்று அரசுத் தரப்பு விளக்கம் சொன்னது. சென்னையில் ஃபிளாட் வாங்கி விற்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த 12 சதவீதம் நம்பும்படியாக இல்லை. பதினைந்தே நாளில் அரசு இறங்கி வந்தது. ஆகஸ்ட் 7 அன்று மக்களவை நிறைவேற்றிய திருத்தத்தின்படி, 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனைக்கும் வீட்டுக்கும் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டு, எது குறைவோ அந்த வரியைக் கட்டினால் போதும். இந்தச் சலுகை இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும்தான். உங்கள் தங்கைக்குக் கிடையாது. இதைப் பிறகு பார்ப்போம்.

என் கருத்தைக் கேட்டால், அந்த எதிர்ப்பு நியாயமானது. இருபது வருடத்தில் ரூபாயின் மதிப்பு தேய்ந்ததை லாபம் என்று சொல்லி அதற்கும் வரி வாங்குவது சரியில்லை. பழைய சொத்துகளுக்கு அது சரிசெய்யப்பட்டது. ஆனால் 2024 ஜூலை 23 முதல் வாங்குபவர்களுக்கு 12.5 சதவீதம் ஒன்றுதான், இன்டெக்சேஷன் இல்லை. இன்று கடன் போட்டு முதல் ஃபிளாட் வாங்கும் பிள்ளைகளைத்தான் இது நாளைக்குப் பாதிக்கும். அவர்களுக்காகப் பேசியவர்கள் குறைவு என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். அப்பா 1987-இல் கொடுத்த விலையைத் தேட வேண்டியதில்லை. 2001-க்கு முன் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த நியாயமான சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். வாரிசாக வந்த சொத்துக்கும் இது பொருந்தும், ஏனென்றால் சட்டம் அப்பாவின் விலையையே உங்கள் விலையாகப் பார்க்கிறது. அந்த மதிப்பு மனையும் கட்டடமும் சேர்த்து 15 லட்சம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் பங்குக்கு 7.5 லட்சம், விற்பனையில் உங்கள் பங்கு 1.20 கோடி.

புதிய முறையில் ஆதாயம் 112.5 லட்சம். அதில் 12.5 சதவீதம் என்றால் 14.06 லட்சம். பழைய முறையில், விலைவாசி ஏற்றத்துக்காக அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் குறியீடு 2001-02-க்கு 100, 2025-26-க்கு 376. ஆகவே 7.5 லட்சம் 28.2 லட்சமாக உயரும். ஆதாயம் 91.8 லட்சம், அதில் 20 சதவீதம் 18.36 லட்சம். வித்தியாசம் 4 லட்சத்துக்கு மேல்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. 2001-க்கு முன் வாங்கிய சொத்தை 2025-26 நிதியாண்டில் விற்றால், விற்கும் விலை 2001 மதிப்பைப் போல 8.36 மடங்குக்கு மேல் இருந்தால் 12.5 சதவீதமே குறைவு. அதற்குக் கீழே இருந்தால் பழைய முறை குறைவு. உங்கள் வீடு இந்தக் கணக்கில் 16 மடங்கு. நங்கநல்லூர், மடிப்பாக்கம், வேளச்சேரி மாதிரி இடங்களில் அன்று ஊர் ஓரமாக இருந்த மனைகள் பலவற்றுக்கும் இதே கதைதான்.

சகலையின் ஃபிளாட்டை எடுங்கள். 2013-14-இல் 60 லட்சத்துக்கு வாங்கினார், இப்போது 95 லட்சத்துக்கு விற்கிறார் என்று வைப்போம். அந்த ஆண்டின் குறியீடு 220. அறுபது லட்சம் 102.5 லட்சமாக உயர்ந்துவிடும், வரியே வராது. புதிய முறையில் 35 லட்சத்துக்கு 4.37 லட்சம் கட்ட வேண்டியிருக்கும். ஃபிளாட்டுக்கு வயது ஏறஏறக் கட்டடத்தின் மதிப்பு இறங்கும், மனையின் பங்கோ கொஞ்சம்தான். அதனால்தான் அவருக்கு இன்டெக்சேஷன் உயிர்நாடி. ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்: வரி வராதே தவிர, அந்த 7.5 லட்சத்தை நஷ்டமாகக் காட்டி வேறு லாபத்தில் கழிக்க முடியாது.

இப்போது நான் வைத்துக்கொண்ட அந்த 15 லட்சம். உங்கள் வேலையில் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது. சந்தை மதிப்பு என்று நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது. அன்றைய முத்திரைத்தாள் மதிப்பு, அதாவது நாம் கைடுலைன் வேல்யூ என்று சொல்லும் வழிகாட்டி மதிப்பு, கிடைக்கிற இடத்தில் அதைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் சட்டம் திருத்தப்பட்டது. உங்கள் பகுதிக்கான சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் தெருவுக்கு 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கட்டடத்துக்கு, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அந்தத் தேதிக்கான அறிக்கை வாங்குங்கள். நோட்டீஸ் வந்த பிறகு அலைவதைவிடப் பத்திரத்துக்கு முன்பே இது கையில் இருப்பது நல்லது. 2001-க்குப் பிறகு மாடி கட்டியிருந்தால் அந்தச் செலவையும் சேர்க்கலாம். பில் இல்லாவிட்டாலும் வங்கிக் கணக்கு, கடன் ஆவணம், மாடிக்கு வாங்கிய திட்ட அனுமதி ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். பத்து லட்சம் நிரூபித்தால் 12.5 சதவீதத்தில் 1.25 லட்சம் மிச்சம்.

வரிக்கு மேல் கூடுதலாகச் சர்சார்ஜ், செஸ் என்று இரண்டு உண்டு. வருமானம் ஒரு கோடியைத் தாண்டும்போது 15 சதவீத சர்சார்ஜும், அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்தால் உங்கள் 14.06 லட்சம் 16.82 லட்சமாகிவிடும். ஒன்றும் செய்யாமல் இருந்தால்தான் இந்தத் தொகை. நீங்களோ ஃபிளாட் வாங்கப் போகிறீர்கள். விற்ற வீட்டின் ஆதாயத்தை இன்னொரு வீட்டில் போட்டால் அந்த அளவுக்கு விலக்கு உண்டு: விற்பதற்கு ஒரு வருடம் முன்போ, விற்ற இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்க வேண்டும், கட்டுவதாக இருந்தால் மூன்று வருடம். 112.5 லட்சத்தில் 70 லட்சம் அப்படிக் கழிந்துவிடும். மீதி 42.5 லட்சத்தை, பத்திரம் முடிந்த ஆறு மாதத்துக்குள், ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி ஆகிய அரசு நிறுவனங்கள் வெளியிடும் மூலதன ஆதாயப் பாண்டுகளில் போடலாம். உச்சவரம்பு 50 லட்சம். ஐந்து வருடம் தொட முடியாது, வட்டி குறைவு, வட்டிக்கு வரியும் உண்டு. ஆனாலும் ஆதாயத்துக்கான வரி பூஜ்யம்.

ஃபிளாட்டை உங்கள் பெயரில் வாங்குங்கள். பாசத்தில் மகன் பெயரிலோ மகள் பெயரிலோ வாங்கிவிட்டு விலக்குக்காக வழக்காடியவர்கள் நிறையப் பேர். மூன்று வருடத்துக்குள் அதை விற்கவும் கூடாது. கணக்குத் தாக்கல் செய்யும் கெடு தேதிக்குள் ஃபிளாட் வாங்கி முடியவில்லை என்றால் அந்தப் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். சாதாரணச் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் விலக்கு போய்விடும்.

வாங்குபவர் ஒரு பகுதியை ரொக்கமாகத் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம். ரொக்கத்தை வைத்துக்கொண்டு பாண்டும் வாங்க முடியாது, ஃபிளாட்டும் வாங்க முடியாது. முறையாகச் செய்தாலே வரி பூஜ்யமாகும்போது எதற்கு இந்த வம்பு?

12 லட்சம் பற்றி: அது 2025 பட்ஜெட் தந்த தள்ளுபடி. சம்பளம், பென்ஷன், வட்டி மாதிரி வழக்கமான வருமானத்துக்கு மட்டும்தான், வீடு விற்ற ஆதாயத்துக்கு இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். விலக்கு போக மிஞ்சும் ஆதாயமும் பென்ஷனும் சேர்ந்து 12 லட்சத்தைத் தாண்டினால், பென்ஷனுக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் அந்த ஆண்டு கிடைக்காது. பாண்டில் முழு 42.5 லட்சத்தையும் போடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாரிசு வரி இல்லை. 1953-இல் வந்த எஸ்டேட் வரி 1985-இல் ஒழிக்கப்பட்டது. 2024 தேர்தல் நேரத்தில் சாம் பித்ரோடா அமெரிக்க வாரிசு வரியைப் பற்றிப் பேசியதும் அது பெரிய சர்ச்சையானது, அவருடைய காங்கிரஸ் கட்சியே அப்படி ஒரு திட்டம் இல்லை என்று சொல்லிவிட்டது. சட்டம் எதுவும் வரவில்லை.

கடைசியாகத் தங்கை. அவருக்கு இரண்டு முறையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை என்றேன். இந்த வீட்டைப் பொறுத்தவரை அதனால் நஷ்டமில்லை, 12.5 சதவீதம்தான் எப்படியும் குறைவு. சிக்கல் டிடிஎஸ்ஸில், அதாவது வாங்குபவர் பணம் தரும்போதே வரியைப் பிடித்துக் கட்டுவதில், இருக்கிறது. உங்கள் பங்குக்கு வாங்குபவர் 1 சதவீதம் பிடித்தால் போதும். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு அந்த 1 சதவீதம் செல்லாது. மூலதன ஆதாய வரி விகிதத்திலேயே, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். குறைத்துப் பிடிக்கலாம் என்ற வருமான வரி அதிகாரியின் சான்றிதழ் இல்லாவிட்டால் வாங்குபவர்கள் பயந்து முழு 1.20 கோடிக்கும் பிடிப்பார்கள். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்த 14.95 சதவீதத்தில் அது 17.94 லட்சம். தங்கை 50 லட்சத்துக்குப் பாண்டு வாங்கினால், ஆதாயம் ஒரு கோடிக்குக் கீழே இறங்கிச் சர்சார்ஜும் குறைவதால், அவருடைய உண்மையான வரி 8.94 லட்சம்தான் வரும். மீதி 9 லட்சம், கணக்குத் தாக்கல் செய்து ரீஃபண்டு வரும்வரை மாட்டிக்கொள்ளும். சான்றிதழ் வாங்கினால் இதைத் தவிர்க்கலாம். வாங்குபவர் தெரியாமல் இரண்டு பங்குக்கும் 1 சதவீதம் பிடித்துவிட்டால் மாட்டுவது அவர்தான், அதனால் தங்கை வெளிநாட்டில் இருப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

குறைந்த விகிதத்தில் பிடிக்கும் சான்றிதழுக்குத் தங்கை தன் பான் எண்ணை வைத்து, வருமான வரித்துறையின் டிரேசஸ் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம், அப்பாவின் பத்திரம், வாரிசுச் சான்று, 2001 மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் இணைக்க வேண்டும். கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். தங்கையின் பங்குக்கு முன்பணம் இன்னும் வாங்கவில்லை என்றால் அதையும் சான்றிதழ் வந்த பிறகே வாங்குங்கள், ஏனென்றால் முன்பணத்திலும் டிடிஎஸ் பிடித்தாக வேண்டும். தை முதல் வாரத்தில் பத்திரம் என்று பேசியிருந்தால், வாங்குபவரிடம் மாசி வரை அவகாசம் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு அறுபது வயது தாண்டிவிட்டதால், தொழில் வருமானம் இல்லாவிட்டால் முன்கூட்டிய வரி கட்டும் கவலையும் இல்லை.