பாட்டியின் சுங்குடி

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் ஒரு ஜப்பானியக் கைவினைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். துணியில் பூ அச்சிடுவதற்காக, காகிதத்தில் மயிரிழையாக வெட்டிய அச்சுத் தாள்கள் இருந்தன. பக்கத்திலேயே, புள்ளி புள்ளியாகக் கட்டிச் சாயம் ஏற்றிய பட்டு. வீட்டுக்கு வந்ததும் மதுரைப் பாட்டியின் பழைய சுங்குடிப் புடவையை எடுத்துப் பார்த்தேன். பாத்திரம் துலக்கும்போதுகூட அதைத்தான் கட்டியிருப்பார். நம்மிடம் அத்தனை நுணுக்கமான வேலை இல்லையே என்று தோன்றியது. ஓரத்தில் கிழிந்திருக்கிறது. வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா?

ம., கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

வெட்டாதீர்கள். முதலில் அந்தப் புடவையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஒரே ஒரு புள்ளியைப் பாருங்கள். சுத்தமான வட்டமாக இருக்காது. கொஞ்சம் சதுரம், கொஞ்சம் கோணல். வெள்ளை வளையம், அதன் நடுவே கடுகைவிடச் சின்னதாக ஒரு சாயப் பொட்டு. துணியைக் கிள்ளி நூலைச் சுற்றும்போது, நூலுக்கு அடியில் இருக்கும் இடத்துக்குச் சாயம் போகாது. நூலுக்கு மேலே தலை நீட்டிய நுனியில் ஏறிவிடும். அந்த நுனிதான் பொட்டு. எல்லாப் புள்ளியும் ஒரே அளவில், பொட்டில்லாமல் இருந்தால் அது மெழுகு அச்சு அல்லது ஸ்கிரீன் பிரிண்ட்.

மதுரை முனிச்சாலைப் பக்கம் ஒரு சௌராஷ்டிரர் வீட்டில் ஓர் அம்மா சுங்குடிப் புள்ளி கட்டுவதை ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். இடது கை நகத்தால் துணியைக் கிள்ளுவார், வலது கையால் நூலை இரண்டு மூன்று சுற்று, ஓர் இழுப்பு. நூலை அறுக்காமலே அடுத்த புள்ளி. முடிச்சு என்று நாம் சொல்கிறோமே தவிர, சுற்றிய இறுக்கம்தான் பிடித்து நிற்கிறது. மருமகளிடம் பேசிக்கொண்டே கட்டினார். துணியைப் பார்த்தது குறைவு. நெருக்கமாகக் கட்டிய புடவையில் இப்படி 10,000 புள்ளிக்கு மேல் இருக்கும். கூலியும் எண்ணிக்கைக் கணக்குத்தான். அது எவ்வளவு என்று கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்புறமும் சுங்குடி என்ற பெயரில் கடைகளில் அதிகம் தொங்குவது அச்சுத் துணிதான்.

கண்காட்சியில் நீங்கள் பார்த்ததும் பெரிய வேலை, சந்தேகமே இல்லை. அந்த அச்சுத் தாளை மல்பெரி மரப்பட்டையிலிருந்து செய்கிறார்கள். பல தாள்களை ஒட்டி, நம் பனிச்சையின் இனத்துப் பழமான பெர்சிமனின் துவர்ப்புச் சாற்றை ஏற்றினால் தண்ணீர் பட்டாலும் தாங்கும். மெல்லிய இடங்கள் அறுந்துவிடாமல் இருக்கப் பட்டு நூலை நடுவில் வைத்து ஒட்டிய தாள்களும் உண்டு. புள்ளி போட்ட பட்டுத் துணியை ‘கனோகோ’ என்பார்கள். மான்குட்டியின் முதுகுப் புள்ளி என்று அர்த்தம். கிள்ளு, சுற்று, சாயத்தில் முக்கு. பாட்டியின் புடவையிலும் இதே வேலைதான். அங்கே கண்ணாடிக்குள் விளக்குப் போட்டுக் காட்டியதால் நின்று பார்த்தீர்கள்.

பாட்டியின் புடவை மதுரை வெயிலுக்கு ஏற்ற மெல்லிய பருத்தி, தினம் துவைத்துக் கட்டுவதற்கென்றே செய்தது. அடுப்படியில் கட்டப்போகும் துணிக்கு ஒருவர் 10,000 தடவை கிள்ளியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைந்துவிடும்.

சட்டம் போட்டு மாட்டினால் வெளிச்சத்தில் சாயம் வெளுக்கும். துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம். சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே இழை விடும். கிழிசலுக்கு உள்பக்கம் மெல்லிய மல்துணி கொடுத்துத் தைத்தால் இன்னும் சில வருஷம் கட்டலாம்.

மதுரைக்கு வரும்போது புடவையைக் கையோடு கொண்டு வாருங்கள். அந்த அம்மாவிடம் காட்டுவோம். புள்ளி கட்டிய விதத்தைப் பார்த்தே எந்தத் தெருக்காரர் கை என்று அவர் சொன்னாலும் சொல்வார்.