குற்றச்சாட்டுக் கடிதத்துக்குப் பதில்: ‘டினை’யா, ‘ரிஃபியூட்’டா?

வெள்ளவத்தை வாசகி ஒருவரின் கேள்வி: அனுமதியில்லாமல் நேரத்துக்கு முன்பே வெளியேறியதாக, விளக்கம் கோரி நிர்வாகம் கடிதம் தந்திருக்கிறது. அது உண்மையல்ல. ஆங்கிலப் பதிலில் ‘ஐ டினை’ என்று எழுதுவதா, ‘ஐ ரிஃபியூட்’ என்று எழுதுவதா?

‘டினை’ என்றே எழுதுங்கள். ‘நான் அப்படிச் செய்யவில்லை’ என்று சொல்வது அது. அந்தச் சொல்லுக்கு ஆதாரம் தேவையில்லை. ‘ரிஃபியூட்’ என்றால் குற்றச்சாட்டு பிழையென்று நிறுவிக் காட்டுவது. தமிழில் இரண்டையும் ‘மறுத்தார்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வெறுமனே மறுப்பதற்கும் ‘ரிஃபியூட்’ வழங்குவதை இன்றைய அகராதிகள் பதிவு செய்கின்றன என்பது உண்மை. ஆனால் உங்கள் கடிதம் நாளை ஒரு சட்டத்தரணியின் கைக்குப் போகலாம். ‘ரிஃபியூட்’டைக் கண்டால் அவர் ஆதாரத்தைத் தேடுவார்.

ஆதாரம் கையிலிருந்தால் அந்தச் சொல்லைத் தாராளமாக எடுங்கள். எழுவாயாக உங்களை அல்ல, ஆவணத்தை வையுங்கள்: ‘தி அட்டாச்ட் அட்டென்டன்ஸ் ரெக்கோர்ட் ரிஃபியூட்ஸ் திஸ் அலிகேஷன்’. 3.30க்குப் போய்விட்டீர்கள் என்கிறார்கள், கைரேகைப் பதிவு 5.02 என்று காட்டுகிறது என்றால் அது பொருந்தும். சக ஊழியரின் கடிதம் மட்டும்தான் இருக்கிறதென்றால் ‘சப்போர்ட்ஸ் மை டினையல்’ என்பதோடு நிறுத்துங்கள்.

மொத்தமாக மறுப்பதுதான் பெரும்பாலும் காலை வாருகிறது. கடிதத்தில் மூன்று திகதிகள் இருந்து, ஒரு நாள் உண்மையாகவே முந்திப் போயிருந்தால், அந்த நாளை ‘அட்மிட்’ செய்து காரணத்தை எழுதுங்கள். மற்ற இரண்டையும் தனித்தனிப் பந்தியில் ‘டினை’ செய்யுங்கள். கொழும்பில் நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையில் நடக்கும் சிவில் வழக்குகளிலும் எதிராளி வழக்காளியின் கூற்றுகளை இப்படித்தான் ஏற்றும் மறுத்தும் பதிலளிக்கிறார்.

இலக்கணத்தில் ஓர் எச்சரிக்கை. ‘ஐ டினை லீவிங் ஏர்லி’ சரி. ‘ஐ டினை டு லீவ்’ பிழை. ‘டு’ வருவது ‘ரிஃபியூஸ்’ என்ற சொல்லோடு. அதன் பொருளோ ‘செய்யமாட்டேன்’ என்பது. ‘ரிஃபியூட்’டை எழுத நினைத்து ‘ஐ ரிஃபியூஸ் தி அலிகேஷன்’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துப்பிழை சரிபார்ப்பு அதைக் காட்டிக்கொடுக்காமல் விடலாம். கையெழுத்திடுமுன் அந்த ஒரு சொல்லை நீங்களே பாருங்கள்.